மிஞ்சிய மரத்தில் படிக்கட்டுக் கைப்பிடி



ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். கேமரன் மலையில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பழமொழியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிரிஞ்சாங்கிலிருந்து திரிங்காப்புக்குப் போகும் வழியில், 5,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது கியா பார்ம். இங்கே சமதளம் கிடைப்பது அரிது. போ தேயிலைத் தோட்டம் 1929-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அந்தக் காலத்திலிருந்தே நம்மவர்கள் இந்த மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்தார்கள், சரிவை ஒட்டியே குடியிருந்தார்கள். ஆகவே வீட்டுக்கும் பாதைக்கும் இடையே படிகள். மழையும் மூடுபனியும் மாறி மாறி வருவதால் படிகளில் பாசி பிடிக்கிறது. விடிகாலையில் வேலைக்கு இறங்குகிறவருக்கும், கண் மங்கிய பாட்டிக்கும் பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டாமா?

பணம் சேரட்டும், பிறகு பார்க்கலாம் என்று நாம் தள்ளிப் போடுகிறோம். ஆனால் வீட்டின் பின்புறம் போய்ப் பாருங்கள். கூரை மாற்றியபோது மீந்த சட்டங்கள், பழைய கதவு நிலை, காய்கறிப் பெட்டிப் பலகைகள், சிமெண்டு வேலைக்கு அடித்த பலகைகள் என்று ஏதாவது கிடக்கும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் அல்லவா? உதவும், ஆனால் எந்தத் துரும்பு எந்த வேலைக்கு என்று பார்க்க வேண்டும். ஆட்டம் காணும் கைப்பிடி, கைப்பிடியே இல்லாததை விட ஆபத்தானது. இல்லாத இடத்தில் நாம் எச்சரிக்கையாக இறங்குகிறோம். இருக்கும் இடத்தில் நம்பிச் சாய்கிறோம்.

முதலில் மரத்தைத் தரம் பிரிப்போம். வைரம் பாய்ந்த கனமான சட்டங்களைக் கால்களுக்கு ஒதுக்கி வைப்போம். நேரான இழையும், பெரிய கணு இல்லாத உடலும் உள்ளவை கைப்பிடிக்கு. பெட்டிப் பலகை மெல்லியது, பாரம் தாங்காது. சிமெண்டுப் பலகையில் ஆணிகள் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் பிடுங்காமல் ரம்பத்தை வைக்கக் கூடாது. சந்தேகமான இடத்தில் கத்தி முனையால் குத்திப் பார்க்கலாம். முனை மெத்தென்று இறங்கினால் அது உளுத்த மரம். பச்சை நிறம் ஏறிய, மருந்தூட்டிய மரத்தில் நச்சுப் பொருள் இருக்கக் கூடும். அதன் துண்டுகளை அடுப்பில் எரிக்கலாகாது. தூளைச் சுவாசிக்கவும் கூடாது.

அடுத்தது அளவு. கீழ்ப்படியின் விளிம்பிலிருந்து மேல்படியின் விளிம்பு வரை ஒரு நூலை இழுத்துக் கட்டினால் சாய்வு நீளம் தெரிந்துவிடும். ஓர் எடுத்துக்காட்டு. நூல் 63 அங்குலம் ஏறி, 99 அங்குலம் முன்னே செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சாய்வு நீளம் ஏறத்தாழ 117 அங்குலம், அதாவது 9 அடி 9 அங்குலம். இதற்கு நான்கு கால்கள் நட்டால் இடைவெளி மூன்றேகால் அடியாக அமையும். கைப்பிடியின் உயரம் என்ன? மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகள், படியின் விளிம்பிலிருந்து 825 முதல் 900 மில்லிமீட்டர் வரை என்று வகுத்தன. இது ஏறத்தாழ 33 முதல் 35 அங்குலம். குழந்தைகள் உள்ள வீட்டில் கால்களுக்கு நடுவே குச்சிகளும் வேண்டும். அவற்றின் இடைவெளி 4 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் குழந்தையின் தலை நுழையாது.

இனி, கால்களை நடுவது. நம் மலையில் கைப்பிடி கெடுவது பெரும்பாலும் காலின் அடியில்தான். மரம் தன் பக்கங்களை விட வெட்டுமுனை வழியாகவே மிக விரைவாக நீரை உறிஞ்சுகிறது. ஈரம் தங்கிய மரத்தில் பூஞ்சணம் வளர்ந்து அதை உளுக்கச் செய்கிறது. எனவே காலைச் சிமெண்டுக்குள் நேரே புதைக்க வேண்டாம். இரும்புத் தகட்டுப் பிடியைப் படியில் இறுக்கி, தரைக்கும் மரத்துக்கும் இடையே ஓர் அங்குலம் விட்டு, துத்தநாகம் பூசிய போல்ட்டுகளால் காலைப் பிணைப்போம். வெட்டுமுனைக்கு இரண்டு மூன்று முறை எண்ணெயோ வண்ணமோ ஊற விடுவோம்.

மிஞ்சிய மரத்தில் 10 அடி நீளத் துண்டு அரிது. இரண்டைச் சேர்க்க நேர்ந்தால், அந்த ஒட்டு ஒரு காலின் தலைமேல் வரட்டும். அந்தரத்தில் வரக் கூடாது. இரண்டு முனைகளையும் பாதிப் பாதியாகச் செதுக்கி, ஒன்றின்மேல் ஒன்று படிய வைத்துத் திருகாணி போடலாம். முன்கூட்டித் துளையிட்டால் கடின மரம் பிளக்காது.

கைப்பிடியின் மேல்முனைகளை இழைப்புளியால் உருட்டி விடுவோம். முழுக் கையும் சுற்றிப் பிடிக்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை அங்குலத் தடிமன் போதும். பிறகு உப்புத்தாள் தேய்த்து, சிராய் இல்லை என்று வெறுங்கையால் தடவிப் பார்த்து, வார்னிஷ் பூசுவோம். மழை நாளில் பூசினால் அது பிடிக்காது. மரம் நன்றாக உலர்ந்த பிறகே பூச வேண்டும்.

கடைசியில் ஒரு சோதனை. பாதுகாப்பான கீழ்ப்படியில் நின்று, பெரியவர் ஒருவர் கைப்பிடியைத் தம் பலம் முழுவதும் கொண்டு தள்ளியும் இழுத்தும் பார்க்கட்டும். சிறிது அசைந்தாலும் வேலை முடியவில்லை என்று பொருள். ஆண்டுக்கு ஒரு முறை போல்ட்டுகளை முடுக்கி, காலின் அடியைக் குத்திப் பார்த்து, மீண்டும் ஒரு பூச்சுப் பூசினால் அது நெடுநாள் உழைக்கும்.

நேயர்களே, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பழைய நடைக்குத் திரும்புவது கடினம். அதைத் தடுக்க நமக்குத் தேவைப்படுவது மூலையில் கிடக்கும் நான்கு சட்டமும், இரண்டு ஞாயிற்றுக்கிழமை உழைப்பும்தான். வரும் ஞாயிறன்று நூலை எடுத்துக்கொண்டு படியை அளக்கத் தொடங்குவோமா?