பகவதிக்காக ஆடும் பாவைகள்

கம்பன் பாட்டை விடிய விடியப் பாடி, பாட்டுக்குப் பாட்டு பொருள் சொல்லி, 21 இரவுகளில் பட்டாபிஷேகம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள் கேரள எல்லையான வாளையாருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். வீட்டில் பேசுவது மலையாளம். பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்துக் கலைஞர்களான அவர்களை ஊரார் புலவர் என்றே அழைக்கிறார்கள்.

தை பிறந்ததிலிருந்து கோடை வரை பகவதி கோயில்களில் கூத்து நடக்கும். சந்நிதியைப் பார்த்தாற்போல் நீளமான கூத்துமாடம். மேலே வெள்ளை, கீழே கறுப்பாக ஒரு திரை. அதன் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள். இராவண வதம் நடந்த நேரத்தில் பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாளாம். பார்க்கத் தவறியதை அவளுக்குக் காட்டத்தான் இந்தக் கூத்து. அவள் ஒருத்தி பார்த்தால் போதும். எதிரே ஓர் ஆள் இல்லாமலும் கூத்து நடப்பதை ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் வியந்து எழுதியிருக்கிறார்.

அதற்காக ஊருக்கும் கூத்துக்கும் ஒட்டு இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நேர்ந்துகொண்டு காணிக்கை தந்தவர்களை இரவில் கூத்தின் நடுவே பெயர் சொல்லி வாழ்த்துவது உண்டு. வீட்டில் தூங்குகிறவருக்கும் கூத்தில் பங்கு இருக்கிறது!

மனிதர்களையும் கூட்டவேண்டும் என்று முனைந்தவர் ஷொர்ணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர். கோயிலில் ஆடியதை அவர் பொது மேடைக்குக் கொண்டுவந்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் மகன் ராமச்சந்திரப் புலவரின் குடும்பம் இன்று பள்ளி, கல்லூரி என்று பயிற்சிப் பட்டறை நடத்துகிறது. மயிர் நீக்கி உலர்த்திய ஆட்டுத்தோலில் உருவம் வரைந்து, உளியால் புள்ளி புள்ளியாகத் துளைக்கக் கற்றுத் தருகிறார்கள். முன்பெல்லாம் மான்தோல். துளை வழியே கசியும் வெளிச்சம்தான் திரையில் நகையாகவும் ஆடைக்கரையாகவும் தெரியும். கொஞ்சம் அழுத்திவிட்டால் இரண்டு துளைகள் ஒன்றாகிக் கிழிந்துவிடும். தோலும் வீண், உழைப்பும் வீண்.

இந்தப் பொதுமேடை வழியில் எனக்குப் பெரிதாகப் படுவது பெண்பாவைக்கூத்து. கூத்துமாடத்துக்குள் பெண்கள் பாவை பிடிக்கும் வழக்கம் இருந்ததில்லை. ராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதாவின் தலைமையில் பெண்கள் தனிக்குழுவாகவே திரைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ரோபோவைக்கொண்டு பாவை ஆட்டுகிற முயற்சியும் நடந்தது. வேடிக்கை பார்க்கலாம், எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

ஆனால் ஒரு குறை உண்டு. ஒரு மணி நேர மேடையில் போர் இருக்கிறது, அனுமன் பறக்கிறான்; பாட்டின் பொருள்தான் இல்லை. கூத்துமாடத்தில் பாவை அசையாமல் நிற்க, ஒரே பாட்டைப் புலவர் நெடுநேரம் விரிப்பார். அதற்கான மூலம் ஆடற்பற்று. கம்பனும் உரைநடையும் கலந்த அதை ஆண்டுக்கணக்கில் காதால் கேட்டுத்தான் மனப்பாடம் செய்யவேண்டும். இரண்டு நாள் பட்டறையில் உளி பிடிக்கப் பழகலாம், இது வராது.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. கம்பனைக் கொண்டாட நம்மிடம் கழகங்கள் உண்டு, பட்டிமன்றங்கள் உண்டு. விழாவில் ஓர் இரவை, ஒரு மணி நேரம் அல்ல, முழு இரவை, இந்தப் புலவர்களுக்குக் கொடுக்கலாம். தோல் துளைக்கும் பட்டறையோடு பாட்டுச் சொல்லும் பட்டறையையும் கேட்டு வாங்கலாம். பாலக்காட்டிலிருந்து கோவைக்கு வர ஒன்றரை மணி நேரம் போதும்.