கணினி இயங்கினால் போதுமா?



நான் கணித ஆசிரியர். கணினியைக் கழற்றி மாட்டுவது என் பொழுதுபோக்கு. கணினியின் வேகத்தைக் கூட்டுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன்.

ஓர் அரையாண்டுத் தேர்வு நேரம். வீட்டுக் கணினியின் ரேம், செயலி இரண்டையும் ஒரே நாளில் வேகப்படுத்தினேன். விண்டோஸ் வந்தது, வீடியோ ஓடியது. வெற்றி என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து ஐந்து பிரிவுகளின் மதிப்பெண் பட்டியலைப் பென்டிரைவில் பள்ளிக்குக் கொண்டுபோனால், இரண்டு கோப்புகள் திறக்கவில்லை. வீட்டில் இருந்த மூலக் கோப்புகளும் கெட்டிருந்தன. நல்லவேளை, மதிப்பெண் பதிவேடு கையில் இருந்தது.

திறக்காத கோப்புகளைவிடத் திறந்த மூன்று கோப்புகள்தான் என்னைப் பயமுறுத்தின. 78 என்பதை இரும எண்ணில் எழுதினால் 1001110. 70 என்பது 1000110. ஒரே ஒரு பிட் வித்தியாசம். ரேம் ஒரு பிட்டைத் தவறவிட்டால் ஒரு பிள்ளை எட்டு மதிப்பெண்ணை இழக்கும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. அன்று இரவு ஐந்து பட்டியல்களையும் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் தூங்கினேன். மறுநாள் மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளை ஓட்டினேன். இருபது நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.

அதன் பின் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ரேம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ரேம் நிரம்பி வழிகிறதென்றால் உங்களுக்குத் தேவை வேகம் அல்ல, கூடுதல் கொள்ளளவு. அடுத்தது, 16 ஜிபி ஒற்றை அட்டையைவிட 8 ஜிபி அட்டைகள் இரண்டு நல்லது. டிடிஆர்4 3200 அட்டை நொடிக்கு 25.6 ஜிபி வரை தரவைக் கடத்தும். இரண்டு அட்டைகளைச் சரியான துளைகளில் பொருத்தினால் அது 51.2 ஜிபி ஆகிறது. இரண்டையும் ஒரே பெட்டியாக வாங்குங்கள். வேறுவேறு வேகமுள்ள அட்டைகளைச் சேர்த்தால் இரண்டும் மெதுவான அட்டையின் வேகத்திலேயே ஓடும்.

பெட்டியில் உள்ள பெரிய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அருகில் சிஎல் என்று ஓர் எண் இருக்கும். அதை 2000 ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுத்தால், காத்திருக்கும் நேரம் நானோ நொடியில் கிடைக்கும். 3200, சிஎல் 16 என்றால் 10 நானோ நொடி. 3600, சிஎல் 18 என்றாலும் அதே 10 தான். 3200, சிஎல் 22 என்றால் 13.75. ஒரே 3200 தான், ஆனால் ஒன்றல்ல.

அட்டையை மாட்டியதும் அந்த வேகம் தானாக வந்துவிடாது. பெரும்பாலும் 2133 அல்லது 2400 இல்தான் தொடங்கும். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்க வேண்டும். என் செயலி ரைசன் 5 2600. அதற்கு நிறுவனம் உறுதி தரும் ரேம் வேகம் 2933 வரைதான். அதைத் தாண்டினால் அதுவும் ஓவர்கிளாக்கிங்தான், சோதனை கட்டாயம்.

அடுத்து செயலி. இன்டெல்லில் பெயரின் முடிவில் 'கே' எழுத்துள்ள செயலியும் 'இசட்' வரிசை மதர்போர்டும் வேண்டும். ரைசனில் பெரும்பாலான செயலிகளை வேகப்படுத்தலாம். ஆனால் ஏ320 போன்ற அடிப்படை மதர்போர்டுகளில் முடியாது.

இங்கே நமது இயற்பியல் உதவும். செயலி செலவிடும் திறன் அதிர்வெண்ணுக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்பக் கூடும். 3.4 கிகாஹெர்ட்ஸை 3.9 ஆக்கி, 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினால், வேகம் கூடுவது 15 சதவீதம். வெப்பம் கூடுவது 45 சதவீதம். ஆகவே மின்னழுத்தத்தைத் தொடாமல் 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் கூட்டுங்கள். அரைமணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி வெப்பநிலையைக் குறியுங்கள். 85 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நிறுத்துங்கள். கணினி தடுமாறினால் ஒரு படி பின்வாங்குங்கள்.

நான் செய்த தவறு இரண்டு. ரேம், செயலி இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினேன். எது காரணம் என்று தெரியாமல் போனது. ஆய்வகத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நாமே அதை மறக்கிறோம். இரண்டாவது, இயங்குவதையே சரி என்று எடுத்துக்கொண்டேன். இப்போது முதலில் முக்கியக் கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுக்கிறேன். பிறகு ரேமை மட்டும் மாற்றி, இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 ஓட்டுகிறேன். ஒரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறைக்கிறேன். அதன் பிறகே செயலி. ஒவ்வொரு மாற்றமும் ஒரு நோட்டில் தேதியோடு இருக்கிறது.

பள்ளிக் கணினிகளில் இதைச் செய்யலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அவை அரசு உடைமை. ஓவர்கிளாக்கிங்கால் வரும் சேதம் உத்தரவாதத்தில் அடங்காது. காற்றுத்துளைகளில் அடைந்த தூசியை அகற்றச் சொல்லுங்கள், ரேம் போதாவிட்டால் பராமரிப்பவர் மூலம் கூடுதல் அட்டை கேளுங்கள். வேகப்படுத்தும் ஆசையை நம் சொந்தக் கணினியோடு வைத்துக்கொள்வோம். அதிலும் மதிப்பெண் ஏற்றும் வாரத்தில் பயாஸ் பக்கமே போகாதீர்கள்.