கொழுந்து பறித்த கைக்கு ஏடு எட்டாதா?



சம்பளம், வீடு, காணி ஆகியன குறித்து மேடைதோறும் பேசி வருகின்றோம். அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னோர் உரிமையைப் பற்றிப் பேசவே இன்று வட்டவளைக்கு வந்துள்ளோம். அது அறிவின் மீது நமக்குள்ள உரிமை.

இங்கிருந்து புகையிரதப் பாதை வழியே ஹட்டனையும் கொட்டகலையையும் கடந்தால் தலவாக்கலை. 1925ஆம் ஆண்டில் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் அங்கேதான் இருக்கின்றது. அதனை வளர்த்த பணம் எது? ஏற்றுமதித் தேயிலைமீது அறவிட்ட செஸ் வரியும் திறைசேரிப் பணமுமே. அந்தத் தேயிலையை மலையேறிப் பறித்த கை எவருடையது என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஆராய்ச்சியாளரை நாம் குறை கூறவில்லை. 1946இல் கொப்புள நோய் தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒரே ஆண்டில் தாக்கியது. செப்பு மருந்து தெளிக்கும் முறையால் அதனை அடக்கித் தேயிலையைக் காத்தது ஆராய்ச்சியே. மழைக்குப் பேர்போன வட்டவளைக்கு அந்த அறிவின் அருமை தெரியும்.

முன்னாளில் மருந்தின் அளவு துரைக்குத் தெரிந்தால் போதும் என்றிருந்தனர். இன்று நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேற்பட்டது சிறுதோட்டக்காரரிடமிருந்து வருகின்றது. பெருந்தோட்டங்களிலும் சில கம்பனிகள் தேயிலை நிலத்தைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் பராமரிக்கும் பொறுப்பை ஒப்படைக்கின்றன. உரத்தின் அளவு தவறினால் நட்டம் யாருக்கு? மருந்தின் அளவு தவறினால் நோய் யாருக்கு? பொறுப்பைக் கொடுப்போர் அறிவையும் கொடுக்க வேண்டாமா?

அந்த அறிவுக்கு இரண்டு பூட்டுகள் உள்ளன. முதற்பூட்டு விலை. வெளிநாட்டு வணிகச் சஞ்சிகைகள் பல ஒரே கட்டுரைக்கு 30, 40 டொலர் கேட்கின்றன. அது ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ ஒரு வாரக் கூலி! இரண்டாம் பூட்டு மொழி. நம் நாட்டு ஆராய்ச்சிச் சஞ்சிகைகள் பல 2008 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நல்ல பணி. ஆயினும் அவற்றிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், குடிமகனின் விண்ணப்பத்துக்கு 14 வேலைநாட்களுள் முடிவு கூறுமாறு அதிகாரிக்கு விதிக்கின்றது. பயனுள்ள சட்டம். ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் விண்ணப்பம் எழுதிக் காத்திருப்பது வேறு. கதவே திறந்திருப்பது வேறு.

ஒரு நாடு தனித்துச் செய்ய இயலாததைப் பல நாடுகள் கூடிச் செய்யலாம். 1998இல் பிரேசிலில் தொடங்கிய சயெலோ என்னும் திறந்த சஞ்சிகைத் திட்டம், இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றை இணைத்தது. பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியைப் பொதுவில் வைக்க ஆர்ஜென்டினா 2013இல் சட்டமே இயற்றியது. நமக்கு அண்டையில் வால்பாறையிலும் தேயிலை ஆராய்ச்சி நடக்கின்றது. அசாமின் தொக்லாய் நிலையம் 1911 முதல் நிற்கின்றது. வால்பாறைத் தொழிலாளியும் தமிழ் பேசுகின்றார். செடி ஒன்று, நோய் ஒன்று, மொழியும் ஒன்று. நோய்க்கு இல்லாத எல்லை மருந்துக்கு மட்டும் ஏன்?

எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றோம். முதலாவது, செஸ் பணத்திலோ திறைசேரிப் பணத்திலோ நடந்த ஆராய்ச்சி வெளிவந்த ஓராண்டுக்குள் கட்டணமின்றி எவரும் படிக்கக் கிடைக்கச் சட்டம் வேண்டும். ஆய்வாளரின் பெயரும் புகழும் அவருக்கே உரியவை. தொழிலாளரின் உடல்நல விவரங்கள் மறைவாகவே இருக்கட்டும். இரண்டாவது, ஒவ்வோர் ஆய்வுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் எளிய சுருக்கம் வேண்டும். 1987 முதல் தமிழும் அரசியலமைப்பின்படி அரசகரும மொழியே. ஆகையால் இது சலுகையன்று. மூன்றாவது, தலவாக்கலை, வால்பாறை, தொக்லாய் மூன்றும் தம் வெளியீடுகளைப் பொதுவில் பகிர உடன்படிக்கை வேண்டும்.

அரசாங்கம் அசையும்வரை நாம் கைகட்டி நிற்கலாகாது. இங்குள்ள ஆசிரியர்களே, வைத்தியர்களே, சட்டத்தரணிகளே! மாதம் ஓர் ஆய்வையேனும் தமிழில் சுருக்கி எழுதுங்கள். அதனை வாசிகசாலையில் ஒட்டுவதும் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் உரக்கப் படிப்பதும் எங்கள் பொறுப்பு.