பேய்க்கதை வளர்ப்பது பரிவே!



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "பேய்க்கதை கேட்ட பிள்ளை, ராத்திரி கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் கூப்பிடும்" என்றார். கூப்பிடட்டுமே ஐயா! அண்ணனும் தம்பியும் சண்டையில்லாமல் கைகோத்து நடக்கிற ஒரே நேரம் அதுதானே! (சிரிப்பு)

இங்கிலாந்திலே கிறிஸ்துமஸ் வந்தால், கணப்பைச் சுற்றி உட்கார்ந்து பேய்க்கதை சொல்வது பழைய வழக்கம். குளிர்காலம், நீண்ட இரவு. அந்த வழக்கத்தை வைத்துத்தான் 1843 டிசம்பர் 19-ல் சார்லஸ் டிக்கன்ஸ் 'கிறிஸ்துமஸ் கரோல்' கதையை வெளியிட்டார். செத்துப்போன கூட்டாளி மார்லி, சங்கிலியை இழுத்துக்கொண்டு வருகிறான். கஞ்சன் ஸ்க்ரூஜ் நடுங்குகிறான். கடைசியில் என்ன செய்தான்? தாயத்தா கட்டிக்கொண்டான்? தன்னிடம் வேலை பார்த்த ஏழைக் குமாஸ்தாவுக்குச் சம்பளத்தை உயர்த்தினான்! மனுஷன் கேட்டுக் கிடைக்காத சம்பள உயர்வைப் பேய் வாங்கிக் கொடுத்தது! (கைதட்டல்)

அதே டிசம்பர்தான் நமக்கு மார்கழி. பழவேற்காடு ஏரிக்கரைக்கு வாருங்கள். சுண்ணாம்புக்குளம் மாதிரி ஒரு மீனவ ஊர். "இருட்டுல ஏரிப்பக்கம் வெளிச்சம் தெரிஞ்சா கொள்ளிவாய்ப் பிசாசு, போகாதே" என்கிறாள் பாட்டி. "அது சதுப்பு நிலத்து வாயு" என்பார் எதிரணி நண்பர். சரி ஐயா! ஆனால் பிள்ளை சேற்றில் இறங்காமல் தப்பியது வாயுவாலா, பாட்டியின் கதையாலா?

அந்தப் பழவேற்காட்டிலே டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலிலே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். 1613-ல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள் அவர்கள். துணி மட்டுமா ஏற்றினார்கள்? 17-ஆம் நூற்றாண்டிலே இந்தக் கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். விற்றவனுக்குக் கல்லறை இருக்கிறது, அதில் பேர் இருக்கிறது. விற்கப்பட்டவனுக்கு? கல்லும் இல்லை, பேரும் இல்லை.

கல்லறை இல்லாதவனுக்குக் கதைதான் கல்லறை! கடலுக்குப் போய்த் திரும்பாத மகனை, "நேத்து ராத்திரி வாசல்ல வந்து நின்னான்" என்று ஒரு தாய் சொன்னால், அது பயமுறுத்தலா? இல்லை, "உன்னை மறக்க மாட்டேன்டா" என்ற சத்தியம்!

செத்தவனுக்கும் வீட்டிலே இடம் வைக்கிற மனசுக்குப் பெயர் பயம் அல்ல, பரிவு! அதுவே தீர்ப்பாகட்டும் நடுவர் அவர்களே. (பலத்த கைதட்டல்)