வேப்பிலைத் தண்ணீரும் பாமசிக் குளிசையும்

(எமது பாடசாலையின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகநல மாலையில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் கதைக்க இதைவிட மங்கலமான விஷயம் கிடைக்கவில்லையா என்று எங்கள் வகுப்புத் தோழிகளே கேட்டார்கள். நாங்கள் முதலில் கொடுத்த தலைப்பு 'பெண்களும் ஆரோக்கியமும்' என்பதுதான். யாருக்கும் கூச்சம் வராத தலைப்பு. அதை ஏன் மாற்றினோம் என்பதைப் போகப் போகச் சொல்கிறோம்.

பெண்ணுறுப்பில் கடி, எரிவு, தயிர்க்கட்டி போல வெள்ளை. இந்த வருத்தம் நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிறது. இந்த மண்டபத்தில் இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். வெள்ளவத்தையில் காலி வீதியிலுள்ள பாமசிகளிலும் கொட்டாஞ்சேனைப் பாமசிகளிலும் கேட்டுப் பார்த்தால் வேறொரு கணக்குக் கிடைக்கும். அங்கே மருந்து வாங்க வருகிற எவருக்கும் இந்த வருத்தம் இருப்பதில்லை. எல்லோருக்கும் வீட்டில் ஒரு தங்கச்சி இருக்கிறாள், வருத்தம் அவளுக்குத்தான்.

அப்ப மாவைப் புளிக்க வைப்பது மதுவம் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்தோம். அதன் ஒன்றுவிட்ட சகோதரிதான் இந்தக் கன்டிடா. வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல. எங்களில் பலருடைய உடம்பில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் எப்போதும் குடியிருப்பது. அதை அடக்கி வைத்திருப்பவை இலாக்டோபசிலசு என்ற நல்ல பற்றீரியாக்களும், அவை உண்டாக்குகிற புளிப்பும். அன்ரிபயோட்டிக் குடித்து அந்த நல்லவை செத்தாலோ, கர்ப்பம் தரித்தாலோ, இரத்தத்தில் சீனி கூடினாலோ கன்டிடா பெருகிவிடும். இது ஒழுக்கக் கேட்டால் வருவதல்ல. கலியாணமாகாத பிள்ளைக்கும் வரும். அம்மாமார் இந்த ஒன்றையாவது வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். பிள்ளை வந்து சொன்னால், முதலில் அவளை மேலும் கீழும் பார்க்காதீர்கள்.

இனி வீட்டு வைத்தியம். அம்மம்மாமாரை இங்கே பகிடி பண்ணுவதற்கு நாங்கள் வரவில்லை. வேப்பிலைக்கும், உள்ளிக்கும், மஞ்சளுக்கும், தேங்காயெண்ணெய்க்கும் பங்கசுவைத் தடுக்கும் சக்தி ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டில் காணப்பட்டிருப்பது உண்மை. ஆனால் கண்ணாடித் தட்டுக்கு எரியாது. உள்ளிப் பல்லை உள்ளே வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களைக் கிளினிக்கில் பார்த்திருக்கிறோம். வேப்பிலை அவித்த தண்ணீரை ஆறவிட்டு வெளியே கழுவினால் பெரிய தீங்கில்லை. உள்ளே விட்டுக் கழுவினால், சீனாக்காரம் கரைத்துக் கழுவினால், டெட்டோல் விட்டுக் கழுவினால், காவல் நிற்கும் அந்தப் பற்றீரியாக்களைத்தான் நாங்கள் கழுவி வெளியே விடுகிறோம். அந்த உறுப்பு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். எங்களுடைய உதவி அதற்குத் தேவையில்லை. டெட்டோல் விஷயத்தில் நாங்களும் குற்றவாளிகள்தான், ஏ.எல். படிக்கும் காலத்தில் வாளித் தண்ணீரில் ஒரு மூடி விடாவிட்டால் குளித்த திருப்தியே இராது.

தயிரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் தயிரிலுள்ள பற்றீரியாவும் எங்கள் உடம்பில் காவலிருக்கும் பற்றீரியாவும் ஒரே இனமல்ல. தயிர் இந்த வருத்தத்தை மாற்றும் என்பதற்குப் பலமான சான்றில்லை. கடையில் வாங்குகிற யோகட் கோப்பையில் சீனி வேறு போட்டிருக்கிறது. அதை உள்ளே பூசுவது கன்டிடாவுக்கு விருந்து வைப்பது.

இன்னொன்று, கரம் விளையாடும் பலகைக்குப் போடும் போரிக் பவுடர். சிரிக்காதீர்கள். வழமையான மருந்துக்கு மடங்காத சில வகைக் கன்டிடாவுக்கு விசேட வைத்தியர்கள் போரிக் அமிலத்தை 600 மில்லிகிராம் அளந்து கூட்டில் அடைத்து உள்ளே வைக்கக் கொடுப்பதுண்டு. அதே பவுடர் வாயில் போனால் நஞ்சு; கர்ப்பிணிக்கு ஆகவே ஆகாது. ஆகவே வீட்டில் இருக்கிற டப்பாவைத் திறக்க வேண்டாம்.

பாமசி மருந்து எல்லாம் தொழிற்சாலையில் பிறந்தது, வீட்டு மருந்துதான் மண்ணிலிருந்து வந்தது என்று ஒரு நினைப்பு எங்களுக்கு உண்டு. கன்டிடாவுக்கு எதிரான நிஸ்டாட்டின் என்ற மருந்து வந்த கதை அப்படியல்ல. அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் என்ற இரண்டு பெண்கள். ஒருவர் நியூயோர்க் நகரில், மற்றவர் அல்பனியில். மண் மாதிரிகளை வளர்த்துப் போத்தல்களில் அடைத்துத் தபாலில் அனுப்பி அனுப்பி ஆராய்ந்தார்கள். வேர்ஜினியாவில் ஹேசனின் நண்பர்களுடைய பண்ணை மண்ணில்தான் அது கிடைத்தது. 1950 இல் அறிவித்தார்கள். உரிமைப் பணமாக வந்த 13 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட தொகையைத் தங்களுக்கென்று எடுக்காமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். பிரவுணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர் அவருடைய பாட்டியின் பணக்காரத் தோழி ஒருவர். எங்கள் சங்கப் பொருளாளர் இதைக் குறித்துக்கொள்வார் என்று நம்புகிறோம்.

மண்ணில் கிடைத்ததை எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்று அளந்து பார்த்தார்கள். பாமசி மருந்தின் பெறுமதி அந்த அளவில்தான் இருக்கிறது. இப்போது நாங்கள் அதிகம் கொடுப்பது உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் பெசரி, அல்லது 150 மில்லிகிராம் புளுகொனசோல் ஒரே ஒரு குளிசை. நோய் கன்டிடாதான் என்றால் பத்துப் பேரில் எட்டொன்பது பேருக்குச் சுகமாகும். பெட்டியில் பெரிதாக உள்ள பெயரை விட்டு, சிறிதாக உள்ள மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது பேராசிரியர் சேனக பிபிலே எங்கள் நாட்டுக்குக் காட்டிய வழி அது, மலிவாகவும் கிடைக்கும்.

ஆனால் அளவு மாறினால் இதுவும் நாட்டு வைத்தியம்தான். பெசரியை விழுங்கியவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணிகள் புளுகொனசோல் குளிசை எடுக்கக்கூடாது. அவர்களுக்குப் பெசரிதான், அதுவும் ஒரு கிழமை வரை. வோபரின் போன்ற இரத்தம் உறையாமற் தடுக்கும் மருந்தோ, கிளிக்லசைட் போன்ற சீனிக் குளிசையோ எடுப்பவர்கள் அதைச் சொல்லாமல் புளுகொனசோல் வாங்கக்கூடாது. 'எல்லாத்துக்கும் நல்லம்' என்று தரப்படும் ஸ்டீரொயிட் கலந்த கிறீம் கடியை அன்றைக்கே நிறுத்தும். கடி நின்றதும் வருத்தம் நின்றதாக நினைப்போம். தோல் மெலிந்து போவது பிறகுதான் தெரியும். லண்டனில் 16 வயதுக்குக் குறைந்தவருக்கும் 60 வயதைத் தாண்டியவருக்கும் இந்தக் குளிசையைப் பாமசிக்காரர் கொடுக்காமல் டொக்டரிடம் அனுப்புவதை அங்குள்ள எங்கள் அக்காமார் அறிவார்கள்.

தலைப்பை மாற்றிய காரணத்துக்கு வருகிறோம். எங்கள் வகுப்பில் ஒருத்தி. கொட்டாஞ்சேனையில் வளர்ந்து, கலியாணத்தோடு வெள்ளவத்தைக்கு வந்தவள். அவளுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம். எங்கள் வகுப்பிலிருந்து டொக்டரானவர்கள் மூன்று பேர். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் கேட்க வெட்கப்பட்டு, எங்கள் மூவரையும் தனித்தனியே கேட்டிருக்கிறாள். ஒருத்திக்கு மாசியில், ஒருத்திக்குச் சித்திரை வருடப்பிறப்போடு, ஒருத்திக்கு ஆவணியில். மூவரும் போனிலேயே மருந்து சொன்னோம். மூன்று தடவையும் சுகமானது. மூன்று தடவையும் திரும்ப வந்தது. இடையில் வேப்பிலைத் தண்ணீரும் நடந்தது. "டொக்டர்மாரைக் கேட்டுத்தான் செய்யிறன்" என்று மாமியிடம் சொல்லியிருக்கிறாள், அது பொய்யுமல்ல. ஒருத்தி சொன்னது மற்றவளுக்குத் தெரியாது. ஒருத்தியாவது "வா, ஒரு இரத்தம் பார்ப்பம்" என்று கேட்கவில்லை.

மார்கழியில் காலில் புண் ஆறவில்லை என்று வந்தபோது பார்த்தோம். வெறும் வயிற்றில் சீனி 214. சலத்தில் புரதம் போகத் தொடங்கியிருந்தது. பதினொரு மாதமாக அவளுடைய உடம்பு சொல்லிக்கொண்டிருந்ததை, சிநேகிதிகளாகவும் டொக்டர்மாராகவும் இருந்த நாங்கள் மூன்று பேரும் குளிசை கொடுத்து வாயை மூட வைத்திருக்கிறோம்.

வருடத்தில் மூன்று நான்கு தடவை வந்தால் மருந்தை மாற்றிப் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது. இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும். ஏற்கனவே சீனி வருத்தம் உள்ளவர்கள், சலத்தோடு சீனியை வெளியேற்றும் எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் வகைக் குளிசை எடுத்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். தாங்களாக நிறுத்த வேண்டாம்.

நோய் கன்டிடாதானா என்பதே பெரிய கேள்வி. 2002 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தங்களுக்கு இதுதான் என்று தாங்களே தீர்மானித்து மருந்து வாங்க வந்த 95 பெண்களைப் பரிசோதித்தார்கள். மூன்றில் ஒருவருக்குத்தான் அது மட்டும் இருந்தது. மீன் வாடையோடு தண்ணீராகப் போனால் அது பற்றீரியாவின் வேலை. மஞ்சளாக, பச்சையாக நுரைத்தால் வேறு தொற்று. கணவருக்கும் சேர்த்து மருந்து வேண்டும். இவற்றுக்கு வேப்பிலையும் உதவாது, புளுகொனசோலும் உதவாது. மாதவிடாய் நின்ற அக்காமாருக்கு வரும் கடி பெரும்பாலும் வரட்சியால் வருவது. இரத்தம் கலந்து, துர்நாற்றத்தோடு போனால் ஒரு நாளும் பிந்த வேண்டாம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அப்படித்தான் தொடங்கிக் காட்டும். 1996 முதல் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதிலும் 45 வயதிலும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். இந்த மண்டபத்தில் போனவர்கள் எத்தனை பேர் என்று கை உயர்த்தச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தப் போவதில்லை.

எங்கள் தோழி இப்போது சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறாள். புண் ஆறிவிட்டது. புரதம் இன்னும் கொஞ்சம் போகிறது. இன்று மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறாள். எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டோம்.

கேள்விகளுக்கு வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். துண்டில் எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம். தேநீருக்குப் பிறகு மூவரும் இங்கேயே இருந்து பதில் சொல்வோம். 'தங்கச்சிக்கு' என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை, வயதை மட்டும் சரியாகப் போடுங்கள்.