பென்டிரைவைப் பிடுங்காதீங்க அக்கா!
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டமைப்புக்கு ஒரு கேமரா இருக்கு. உங்க வீட்டில் பலருக்கு செல்போன் இருக்கு. மாட்டுக் கடன் வாங்கினால் மாட்டைக் காதுத் தோடு தெரிய படம் எடுக்கிறோம். தீர்மான நோட்டையும் ரேஷன் கார்டையும் வங்கிப் புத்தகத்தையும் படம் எடுத்து வைக்கிறோம். அப்புறம் அந்தப் படங்கள் எங்கே? "பென்டிரைவில் இருந்துச்சு சார், இப்போ திறக்க மாட்டேங்குது." இதைத்தான் நாங்கள் குழுவுக்குக் குழு கேட்கிறோம்.

இது சின்ன விஷயம் இல்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்ததையும், 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் நடந்ததையும் நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு நாள் வந்தால், அழுது முடிக்கும் முன்னே குடும்பம் தேட வேண்டியது காகிதத்தைத்தான். வீட்டோடு காகிதமும் போய்விட்டால் படமாவது இருக்க வேண்டும். (படம் எடுக்கிறேன் என்று செல்போனை ஆலைக்குள் கொண்டு போகாதீர்கள். வேலை அட்டையை வீட்டிலேயே எடுங்கள்.)

நல்ல கம்ப்யூட்டர் வேண்டுமே என்பீர்கள். உங்கள் பீரோ மேலேயே ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் உங்கள் பிள்ளைகள் வாங்கி வந்தார்களே, அதுதான். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்ற ஒன்றும் போட்டிருந்தார்கள். பாஸ் என்றால் முதலாளி இல்லை! மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. இது திறந்த மூல மென்பொருள். அதாவது, எப்படிச் செய்தார்கள் என்பதை யாரும் பார்க்கலாம், காசு இல்லாமல் பயன்படுத்தலாம். லேப்டாப்பை ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். அப்போது அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேமராவைக் கேபிளில் சொருகி ஆன் செய்யுங்கள். செல்போன் என்றால் திரையில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜ் மட்டும் ஏறும். சில கேபிள் சார்ஜுக்கு மட்டுமே ஆனது, அதில் என்ன செய்தாலும் படம் வராது. லினக்ஸில் 'இ டிரைவ், எஃப் டிரைவ்' என்று தேடாதீர்கள். கேமராவோ பென்டிரைவோ அதன் பெயரோடு இடது பக்கம் வந்து நிற்கும். திறந்தால் 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டருக்குள் படங்கள் இருக்கும். 'கட்' வேண்டாம், 'காப்பி' செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனாலும் கேமராவில் இருப்பது இருக்கும்.

இப்போதுதான் முக்கியமான இடம். பென்டிரைவுக்குக் காப்பி செய்கிறோம், 'முடிந்தது' என்று காட்டுகிறது, உடனே பிடுங்குகிறோம். ஆனால் முடிந்திருக்காது! கம்ப்யூட்டர் வேகமானது, பென்டிரைவ் மெதுவானது. அதனால் கம்ப்யூட்டர் படங்களைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுதும். தீப்பெட்டி அட்டை ஒட்டுகிறோமே, பசை காயும் முன்னே தூக்கினால் என்ன ஆகும்? வாய் திறந்துகொள்ளும் இல்லையா? அதே கதைதான். விண்டோஸில் பெரும்பாலும் பென்டிரைவுக்கு உடனுக்குடன் எழுதும் ஏற்பாடு இருப்பதால் பிடுங்கிப் பழகிவிட்டோம். லினக்ஸில் அந்தப் பழக்கம் ஆகாது. பென்டிரைவ் பெயருக்குப் பக்கத்தில் உள்ள 'எஜெக்ட்' குறியை அழுத்துங்கள். சிலதில் 'அன்மவுண்ட்' என்று இருக்கும். 'எடுக்கலாம்' என்று சொல்லும் வரை காத்திருங்கள். ஒரு நிமிஷம் ஆனாலும் ஆகட்டும்.

ஹார்டு டிஸ்க்குக்கும் இதேதான். விண்டோஸில் சரியாக மூடாமல் பிடுங்கிய டிஸ்க்கை லினக்ஸில் போட்டால், சில நேரம் பார்க்க முடியும், எழுத முடியாது. பயப்பட வேண்டாம். மறுபடி விண்டோஸில் சொருகி முறையாக வெளியே எடுத்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு விஷயம், இது எங்களுக்கே ரொம்பப் பிடித்தது. வெளியில் எங்காவது பென்டிரைவைப் போட்டு வாங்கினால், ஃபோல்டர் எல்லாம் காணாமல் வெறும் 'ஷார்ட்கட்' மட்டும் நிற்குமே? அது வைரஸ் வேலை. ஃபோல்டரை அழிக்காது, மறைத்துத்தான் வைக்கும். அதே பென்டிரைவை லினக்ஸில் சொருகினால் மறைத்தது பெரும்பாலும் அப்படியே கண்ணுக்குத் தெரியும். அந்த வைரஸ் விண்டோஸுக்காக எழுதியது, இங்கே ஓடாது. படங்களை மட்டும் காப்பி செய்துகொள்ளுங்கள். ஷார்ட்கட்டைத் தொட வேண்டாம்.

"ஃபார்மேட் செய்யவா?" என்று எந்தக் கம்ப்யூட்டர் கேட்டாலும் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். கடைக்காரத் தம்பி 'சரி' அழுத்தும் முன்னே கையைப் பிடியுங்கள். ஆதார் படத்தைக் கடைக் கம்ப்யூட்டரில் விட்டுவிட்டும் வராதீர்கள்.

படம் லேப்டாப்பில் ஒன்று, கூட்டமைப்பு ஹார்டு டிஸ்க்கில் ஒன்று என இரண்டு இடத்தில் இருக்கட்டும். கேமராவில் அழிப்பது அதற்குப் பிறகுதான். யார் எந்தத் தேதியில் காப்பி செய்தார்கள் என்பதை ஊக்குநர் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு லேப்டாப் உள்ளவர்கள் எடுத்து வாருங்கள். சார்ஜரையும் மறக்காதீர்கள். அந்த லேப்டாப் பலவற்றில் பேட்டரி போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது.