சிறு நிலத்தின் சாகுபடித் தேர்வு: மாநாட்டுத் தலைமை உரை



பருவம் பிறழ்ந்து வருகிறது என்பதை நிரூபிப்பதற்காக நாம் இங்கே கூடவில்லை. காவிரிப் படுகையின் சிறு விவசாயி அதனைத் தம் வயலிலேயே கண்டு, அதற்கேற்பச் சாகுபடியையும் மாற்றிக்கொண்டு வருகிறார் என்பதால், அந்த மாற்றத்தில் அவர் எதை இழக்கிறார் என்பதை ஆராய்வதே நம் பிரதான கடமை என்று கருதுகிறேன்.

மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்ட பின்னர், பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12-ஆம் தேதியை எதிர்நோக்கியே படுகையின் விவசாயம் நடந்து வந்திருக்கிறது. தண்ணீர் காலத்தில் வந்தால் குறுவையும் அதன்பின் தாளடியும், தாமதித்தால் சம்பா ஒன்று மட்டும் என்பது வழக்கம். அக்டோபர் 2 வரை அணை திறக்கப்படாத 2017 போன்ற ஆண்டிலோ, நாற்றங்காலுக்கே வழியின்றி, புழுதியில் நேரடியாக விதைத்துவிட்டு மழையை எதிர்பார்க்க வேண்டியதாகிறது. தண்ணீரும் நடவுக் கூலியும் மிச்சமானாலும், களை பெருகும், முளைக்கும் தருணத்தில் பெருமழை பிடித்தால் விதை அழுகும்.

சம்பா, தாளடித் தரிசில் உளுந்தும் பயறும் விதைக்கும் முறை என் மனத்தை மிகவும் கவர்ந்தது. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பே, கதிர் நிற்கும் வயலில், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது விதையைத் தெளித்துவிடுகிறார்கள். உழவுமில்லை, பாசனமுமில்லை, எஞ்சிய ஈரமும் பனியுமே பயிரைக் காப்பாற்றுகின்றன. இத்தனை நுட்பமான ஏற்பாட்டை, 2021 ஜனவரியில் பெய்த பருவம் தவறிய மழை போன்ற ஒன்று சாய்ந்த நெல்லோடு சேர்த்து அழித்துவிடுகிறது. ஈரம் குறைவதற்கு அஞ்சிக் கண்ட உபாயம், ஈரம் மிகுந்தால் கைகொடுப்பதில்லை.

தென்னைக்கு மாறுவதே நிரந்தரப் பாதுகாப்பு என்பாரும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்தபோது, நெல் அழிந்தவர் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம், மரம் அழிந்தவரோ பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர்; படுகைக் கணக்கில் ஏறத்தாழ ஐந்தரை மா. ஒரு பாதியில் நெல், மறு பாதியில் வேறு பயிர் என்று அபாயத்தைப் பிரித்துக்கொள்ள இதில் இடம் மிகக் குறைவு. இதனினும் சங்கடமானது குத்தகைதாரர் நிலைமை. கோயில் நிலத்தையோ தனியார் நிலத்தையோ வாய்மொழி ஒப்பந்தத்தில் பயிரிடுபவருக்கு, குத்தகை நெல்லாகவே அளக்கப்படும் இடங்களில், நெல்லை விட்டு வேறு பயிருக்குப் போகும் சுதந்திரம் ஏது? குத்தகைப் பதிவுக்கென்று 1969-லேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தும், பெயர் பதிவாகாதவருக்குக் காப்பீடும் நிவாரணமும் எளிதில் கிட்டுவதில்லை. மகசூலை அளக்கும் நம் ஆய்வுகள், தேர்வு செய்யும் உரிமை எவரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டறிந்தாக வேண்டும்; ஆகவே, இம்மாநாட்டின் முதல் அமர்வைக் குத்தகைச் சாகுபடிக்கே ஒதுக்கித் தரும்படி அமைப்பாளர்களை வேண்டிக்கொண்டேன், அவர்களும் மனமுவந்து இசைந்தனர். அவ்வமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.